வாடகை வீட்டு ஹீட்டரும் யூனிட் 10 ரூபாயும்

போன வாரம் நம்ம சேனல்ல கரண்ட் பில் வீடியோ போட்டப்ப, வாடகை வீட்டுக்காரங்க விஷயத்தை ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டேன். அது சரியில்லை. அந்த ரெண்டு நிமிஷம்தான் உண்மையில் பெரிய விஷயம். அதை இங்கே விரிவா எழுதுறேன். கணக்கு கொஞ்சம் அதிகமா வரும். டீ போட்டுட்டு உட்காருங்க.

நவம்பர் கடைசியில் நம்ம சங்கரன்கோவில் ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 27. கையில் வர்ற சம்பளம் மாசம் 23,000. ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கார். மனைவி, ஒரு வயசுக் குழந்தை, மூட்டு வலி உள்ள அம்மா. கீழே ஹவுஸ் ஓனர். வந்தது ஏதோ பிஎஃப் சந்தேகத்துக்காக. அது பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. எழுந்து போகும்போது கதவுகிட்ட நின்னு கேட்டார்: "சார், ஹீட்டரை நிறுத்திரலாம்னு இருக்கேன். அம்மாவுக்குத்தான் கஷ்டம். என்ன சொல்றீங்க?"

ரெண்டு மாசத்துக்கு 2,400 ரூபாய் கரண்டுக்குக் கட்டுறாராம். ஹீட்டர்தான் காரணம்னு ஓனர் அண்ணாச்சி சொல்லியிருக்கார். இவரும் நம்பிட்டார். எத்தனை யூனிட்னு கேட்டேன். 240. யூனிட்டுக்கு எவ்வளவு? 10 ரூபாய்.

உட்காருங்க தம்பின்னு சொன்னேன்.

முன்னெல்லாம் இந்த மாசங்களில் இளைஞர்கள் என்கிட்ட கேட்கிறது எச்ஆர்ஏ பற்றித்தான். வாடகை ரசீது, ஓனர் பான் நம்பர், அந்தப் பஞ்சாயத்து. 2025–26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது என்று ஆனபிறகு, நம்ம ஊர்ச் சம்பளத்துக்கு எச்ஆர்ஏ கேள்வியே கிட்டத்தட்ட நின்னுபோச்சு. வரியில் மிச்சம் பண்ண இனி ஒண்ணும் இல்லாதவங்களுக்கு, வீட்டுச் செலவில்தான் ஓட்டை அடைக்க வேண்டியிருக்கு. அதில் கரண்ட் பெரிய ஓட்டை. யாரும் அதைத் தணிக்கை செய்றதில்லை.

முதல்ல ஹீட்டரைப் பார்ப்போம். அவங்க வீட்டில் இருக்கிறது 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர், 2 கிலோவாட். ஓனர் மாட்டிக்கொடுத்தது. நம்ம ஊர் தண்ணி காலையில் 27 டிகிரி இருக்குன்னு வைங்க. அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகிற மின்சாரம் கிட்டத்தட்ட 1 யூனிட். நேரம் அரை மணி. குளிக்கிற தண்ணி 40 டிகிரி போதும். 16 லிட்டர் வாளிக்கு அந்த ஹீட்டர் தண்ணி ஆறு லிட்டர் கலந்தால் போதும், மிச்சம் பச்சைத் தண்ணி. ஆக ஒரு தடவை டாங்க் சூடானால் நாலு வாளி. ஒரு வாளிக்கு கால் யூனிட். நாலு பேர் தினமும் வெந்நீரில் குளிச்சாலும் 60 நாளுக்கு 60 யூனிட்.

இது இயற்பியல், இதில் கம்பெனி விளம்பரத்துக்கு வேலை இல்லை. தண்ணியைச் சூடாக்க இவ்வளவு மின்சாரம் ஆகும்னா ஆகும். இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கினாலும், வாளியில் போடுற ஹீட்டர் ராடு வாங்கினாலும் ஒரு வாளிக்கு அதே கால் யூனிட்தான். (அந்த ராடைப் பற்றி ஒரு வார்த்தை: எர்த்திங் சரியா இருக்கான்னு தெரியாத வாடகை வீட்டில், குழந்தை தவழ்கிற இடத்தில், தயவுசெய்து வேண்டாம். ரெண்டு ஆயிரம் மிச்சம் பண்ண உயிரை வைக்காதீங்க. பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுற கேஸ் கீசரும் அப்படித்தான். ஜன்னல் இல்லாத அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆள் இறந்திருக்காங்க.)

ஸ்டோரேஜ் ஹீட்டரில் வேறுபடுகிற ஒரே இடம், சும்மா இருக்கும்போது போகிற மின்சாரம். சூடான தண்ணி டாங்குக்குள் மெதுவா ஆறும். தெர்மோஸ்டாட் திரும்ப ஆன் ஆகும். திரும்ப ஆறும். சிவப்பு லைட் அணைஞ்சிருக்கு, அதனால கரண்ட் போகலன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சுவிட்ச் போட்டிருக்கிற வரைக்கும் அது ஆன்–ஆஃப் ஆகிட்டேதான் இருக்கும். பிஇஇ ஸ்டார் லேபிள் ஹீட்டரில் அளக்கிறது இந்த ஒரு விஷயத்தைத்தான்: 24 மணி நேரத்தில் சும்மா எத்தனை யூனிட் போகுது. அஞ்சு ஸ்டார்னா தண்ணி சீக்கிரம் சூடாகும்னு அர்த்தம் இல்லை. சீக்கிரம் ஆறாது, அவ்வளவுதான்.

தம்பி வீட்டில் அம்மா காலை அஞ்சு மணிக்கு சுவிட்ச் போட்டால் ராத்திரி வரைக்கும் ஆஃப் பண்றதில்லை. குழந்தைக்கு எப்ப வேணும்னாலும் வெந்நீர் வேணும்னு. ஸ்டார் லேபிள் மங்கி ஒண்ணும் படிக்க முடியலையாம். சரி, அளந்து பாருங்கன்னு சொன்னேன். ஒரு வாரம் வழக்கம்போல, அடுத்த வாரம் காலையில் அரை மணி நேரம் மட்டும். ஒரு நாளைக்கு சராசரியா 0.7 யூனிட் வித்தியாசம் வந்தது. 60 நாளுக்கு 42 யூனிட். யாரும் குளிக்காமல், பாத்ரூம் சுவரைச் சூடாக்கப் போன மின்சாரம்.

இது குறைக்க வேண்டியதுதான். ஆனால் 42 யூனிட் 10 ரூபாய்னா 420 ரூபாய். 2,400-ல் மிச்சம் 1,980 எங்கே போகுது?

இங்கேதான் கட்டண அட்டவணை வேணும். 2024 ஜூலை 1 முதல் வீட்டு இணைப்புகளுக்கு நாம் கட்டுகிற விலை, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பதில், இப்படி: முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101–200 வரை 2.35 ரூபாய், 201–400 வரை 4.70, 401–500 வரை 6.30. 500-ஐத் தாண்டிட்டால் அந்த 2.35 காணாமல் போயிரும்; 101–400 முழுக்க 4.70, 401–500 வரை 6.30, 501–600 வரை 8.40, அதுக்கு மேல 9.45, 10.50 என்று ஏறி, ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் 11.55. 2025 ஜூலையில் கட்டணம் 3.16 சதவீதம் ஏறியபோது வீட்டு இணைப்புகளுக்கு அந்த உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் நமக்கு இந்த விலையே தொடருது. 2022 செப்டம்பரில் வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தையும் எடுத்துட்டாங்க. ஆக யூனிட்டைத் தவிர வேற செலவு இல்லை.

தம்பிக்கு மட்டும் தனி மீட்டர் இருந்தால் 240 யூனிட்டுக்கு எவ்வளவு? 100 இலவசம், அடுத்த 100-க்கு 235, மிச்சம் 40-க்கு 188. மொத்தம் 423 ரூபாய்.

423. கட்டினது 2,400. இதைச் சொன்னதும் தம்பி போனை எடுத்து அவரே ஒரு தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்.

வருஷத்துக்கு ஆறு பில். 1,977 ரூபாய் பெருக்கல் ஆறு, 11,862. அவருடைய அரை மாசச் சம்பளம். (இதை எஸ்ஐபி-யில் 20 வருஷம் போட்டால் என்ன ஆகும்னு நான் கணக்கு போட்டுக் காட்டப் போறதில்லை. எல்லா சேனலும் அதைக் காட்டிருச்சு. அவருக்கு இந்த வருஷம் குழந்தை தடுப்பூசிச் செலவே இருக்கு.)

உடனே ஓனரைத் திட்டத் தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனால் ஆடிட்டர் வேலையில் ஒரு பழக்கம், எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கணும். ஓனர் வீட்டில் 280 யூனிட் ஓடுது. மாடியில் 240. ரெண்டும் ஒரே இபி மீட்டர், மாடிக்கு சப் மீட்டர். மொத்தம் 520. பில் எவ்வளவு? 300 யூனிட் 4.70-க்கு 1,410. அடுத்த 100-க்கு 630. கடைசி 20-க்கு 168. மொத்தம் 2,208. மாடி காலியா இருந்தால் ஓனர் தன்னுடைய 280-க்கு கட்டியிருக்கக்கூடியது 611 ரூபாய்தான். அப்போ தம்பி குடியிருப்பதால் அவருக்குக் கூடுதலா ஆகிறது 1,597. யூனிட்டுக்கு 6.65.

அதாவது ஓனர் 10 ரூபாய் கேட்கிறதில், ஆறு ரூபாய் அறுபத்தஞ்சு காசு அவர் கையிலிருந்து நிஜமாகவே போகுது. மிச்சம் 803 ரூபாய்தான் அவருக்கு நிக்குது. கொள்ளை அடிக்கிறார்னு சொல்ல முடியாது. நியாயம்னும் சொல்ல முடியாது. பெரும்பாலான ஓனர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லைன்னு நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் 10 வாங்குறாங்க, நாமளும் 10. அவ்வளவுதான் காரணம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு தனி மீட்டர் இருந்தால் ரெண்டு குடும்பமும் சேர்ந்து கட்டுறது 611-ம் 423-ம், 1,034 ரூபாய். ஒரே மீட்டர்னா 2,208. அதே விளக்கு, அதே ஃபேன், அதே ஹீட்டர். வீட்டுக்கு ஒரு மீட்டர் குறைவா இருக்கிறதுக்காக மட்டும் ரெண்டு மாசத்துக்கு 1,174 ரூபாய் கூடுதல்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, சொல்லிட்டுப் போறேன். 100 யூனிட் இலவசம் 2016 மே 23-ல் அறிவிச்சாங்க. அது குடும்பத்துக்குன்னு நாம நினைக்கிறோம். நடைமுறையில் அது இணைப்புக்கு. சொந்த வீட்டில் முறையா ரெண்டு இணைப்பு வச்சிருக்கிறவருக்கு ரெண்டு நூறு கிடைக்குது. சப் மீட்டரில் குடியிருக்கிற, 23,000 சம்பளம் வாங்குற ஆளுக்கு ஒண்ணும் கிடையாது. யாருக்கு அதிகம் தேவையோ அவர் மட்டும் முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய் கட்டுறார். அரசு இந்த மானியத்துக்குப் பெரிய தொகை கொடுக்குது. அது வாசற்படியில் நின்னுருது, மாடிப்படி ஏறலை. ஸ்மார்ட் மீட்டர், மாதக் கணக்கெடுப்பு பற்றி எல்லாரும் பேசுறாங்க. வாடகைக் குடும்பத்துக்குத் தனி இணைப்பு கிடைக்கிறதை எளிதாக்குறது பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. என் பார்வையில் அதுதான் முதலில் வரணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த ஸ்லாப் கணக்கு புதுசும் இல்லை. சங்கரன்கோவிலில் தறி ஓட்டுறவங்க வீட்டில் வளர்ந்த யாரையும் கேளுங்க. விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 750 யூனிட்டா இருந்தது, 2023-ல் 1,000 ஆச்சு. என்னுடைய கிளையன்ட் ஒருத்தர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரீடிங் எடுத்துக் காலண்டர் கட்டத்தில் எழுதுவார். எழுபது வயசு. எக்ஸெல் தெரியாது. அவரை மிஞ்சின காஸ்ட் அக்கவுண்டன்டை நான் பார்த்ததில்லை. அதே தெருவில் எம்பிஏ படிச்ச பையன் தன் வீட்டுல மீட்டர் எங்க இருக்குன்னே தெரியாம குடியிருக்கான்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? 2012-ல் சென்னையில் ஆர்டிகிள்ஷிப் பண்ணிட்டு இருந்தேன். மேற்கு மாம்பலத்தில் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன போர்ஷன். சப் மீட்டர், யூனிட்டுக்கு 7 ரூபாய். பகல் முழுக்க கம்பெனி கம்பெனியா போய் அவங்க கரண்ட் பில்லை வவுச்சரோட ஒத்துப் பார்த்து டிக் அடிப்பேன். என் பில்லை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஒரு வாரம் ஊருக்கு வந்துட்டோம். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணலை. திரும்பிப் போனப்ப எதேச்சையா மீட்டரைப் பார்த்தால் கிளம்பும்போது இருந்ததைவிட 9 யூனிட் கூட. வீட்டில் ஃப்ரிட்ஜ் கூட கிடையாது. விசாரிச்சால், மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணி ஏத்துற மோட்டார் எங்க லைனில் ஓடிட்டு இருந்திருக்கு. 14 மாசமா. ஓனர் மாமி ரொம்ப நல்லவங்க, எலக்ட்ரீஷியன் மாத்திக் கொடுத்துட்டான்னு சொன்னாங்க, இருக்கலாம். பழைய காசு திரும்ப வரலை. நானும் கேட்கலை. கேட்கிறதுக்கு வெட்கமா இருந்தது. தணிக்கை படிக்கிற பையன்னு அவங்க கிட்ட பெருமையா சொல்லியிருந்தேன்.

அதனால வாடகை வீட்டில் இருக்கிற எல்லாரும் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்க. எல்லா சுவிட்சையும் அணைங்க, ஃப்ரிட்ஜ் உட்பட. சப் மீட்டர் நகருதான்னு பாருங்க. நகர்ந்தால் யாருடைய மோட்டாரோ உங்க லைனில் இருக்கு. அடுத்து ஹீட்டரை வச்சு மீட்டரையே சோதிக்கலாம். டாங்க் தண்ணி முழுக்கப் பச்சையா இருக்கும்போது, 2 கிலோவாட் ஹீட்டரை மட்டும் கால் மணி நேரம் போடுங்க. அரை யூனிட் ஓடணும். வோல்டேஜ் குறைவா இருந்தால் அதைவிடக் கொஞ்சம் குறையலாம். 0.6, 0.65 என்று வந்தால் அந்த சப் மீட்டர் வேகமா ஓடுது. கடையில் வாங்கி மாட்டுற சப் மீட்டரை இபி-யில் யாரும் வந்து சோதிக்கிறது கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க. தம்பி வீட்டு மீட்டர் சரியாத்தான் இருந்தது. 0.48 காட்டிச்சு.

இப்ப 500 என்கிற அந்தப் படிக்கட்டுக்கு வருவோம். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. தம்பி வீட்டில் மொத்தம் 520-ல் நிக்குது. 20 யூனிட் குறைஞ்சால் 403 ரூபாய் குறையும், யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல. ஹீட்டரைச் சும்மா போட்டு வைக்காமல் இருந்தாலே 42 யூனிட் குறையுதுன்னு அளந்தாச்சு. மொத்தம் 478 ஆகும். பில் 1,666 ரூபாய் 40 காசு. 541 ரூபாய் 60 காசு மிச்சம்.

இதில் வேடிக்கை என்னன்னா, 10 ரூபாய் ரேட்டிலேயே தம்பி 42 யூனிட் குறைச்சால் ஓனருக்கு வருமானம் 420 குறையும். அவருடைய இபி பில் 541.60 குறையும். ஆக தம்பி சிக்கனமா இருந்தால் லாபம் ஓனருக்கும்தான், 121 ரூபாய். அண்ணாச்சி பகையாளி இல்லை. ரெண்டு பேரும் ஒரே படிக்கட்டில் தடுக்கி விழுறாங்க. இதை ஒரு பேப்பரில் எழுதி அவர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னேன். "நீங்க எவ்வளவு அதிகமா வாங்குறீங்க"ன்னு ஆரம்பிச்சால் பேச்சு அங்கேயே முடிஞ்சுரும். "அண்ணாச்சி, ரெண்டு பேரும் சேர்ந்து 500-க்குள்ள இருந்தா உங்களுக்கு பில் 500 ரூபாய்க்கு மேல குறையுது"ன்னு ஆரம்பிச்சால் நாற்காலி போடுவார்.

கேஸில் தண்ணி போட்டுக்கலாமான்னும் அவர் கேட்டார். நல்ல கேள்வி. 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 880 ரூபாய்னு வைங்க. அடுப்பில் வீணாகிறது போக தண்ணிக்குப் போய்ச் சேர்ற சூடு கிட்டத்தட்ட 118 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் விழுது. சொந்த மீட்டர் இருந்து 2.35-லோ 4.70-லோ இருக்கிறவங்களுக்கு ஹீட்டர்தான் மலிவு. அம்மா கேஸில் வெந்நீர் போட்டு மிச்சம் பிடிக்கிறேன்னு சொன்னால் அது நஷ்டம். ஓனருக்கு 10 ரூபாய் கட்டுறவங்களுக்கு கேஸ் மலிவு. அதே ஹீட்டர், அதே வாளி, மீட்டர் யாருடையதுங்கிறதை வச்சு பதில் தலைகீழா மாறுது. அதனால்தான் "கரண்ட் மிச்சம் பிடிக்க 10 வழிகள்" மாதிரிப் பட்டியல்களை நான் போடுறதில்லை.

லண்டனில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கிற என் பெரியப்பா மகன் இதே புலம்பலை வேற மாதிரி புலம்புவான். அங்கே ஸ்டோரேஜ் ஹீட்டர்னா அறையைச் சூடாக்குறது. உள்ளே கனமான செங்கல். ராத்திரி ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு, எக்கானமி 7 என்று அந்தத் திட்டத்துக்குப் பேர். அந்த நேரத்தில் செங்கல் சூடேறி, பகலில் மெல்ல சூட்டை விடும். அந்தத் திட்டத்தில் பகல் மின்சாரம் சாதாரண விலையைவிட அதிகம். முன்னாடி குடியிருந்தவங்க என்ன கட்டணத் திட்டத்தில் இருந்தாங்கன்னு பார்க்காமல் குடி போயிட்டான், பகலில் பிளக் ஹீட்டர் போட்டான், முதல் குளிர்காலத்துப் பில்லில் அழுதான். அங்கேயும் ஹீட்டரை ஓனர்தான் தேர்ந்தெடுக்கிறார், பில்லைக் குடியிருக்கிறவர் கட்டுறார்.

நம்ம நாட்டிலும் நேரத்துக்கு ஒரு விலை வரப்போகுது. 2023-ல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள்படி, ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு வெயில் நேரத்தில் விலை குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்னும் வரலை. வந்தால், மத்தியானம் ரெண்டு மணிக்குச் சூடாக்கி ராத்திரிக்கு வச்சுக்கக்கூடிய ஒரே சாமான் இந்த ஸ்டோரேஜ் ஹீட்டர்தான். அன்னைக்கு அந்த ஸ்டார் லேபிளுக்கு உண்மையான மதிப்பு வரும். இப்போதைக்கு, நாலு பேர் இருக்கிற வீட்டில் காலையில் அரை மணி நேரம் போட்டு அணைச்சால் ஒரு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் வராது. புது ஹீட்டருக்காகக் கடன் அட்டையைத் தேய்க்காதீங்க.

சரி, செய்ய வேண்டியது என்ன? சிறந்தது தனி இணைப்பு. மாடிக்குத் தனி வாசல், தனி சமையலறை, வயரிங்கும் தனியா பிரிஞ்சிருந்தால் ஓனர் பேரிலேயே ரெண்டாவது இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஓனர்களுக்கு ரெண்டு பயம். குடியிருக்கிறவர் உரிமை கொண்டாடிருவாரோ என்பது ஒண்ணு. இணைப்பு அவர் பேரில்தான் இருக்கும், அதனால் அந்தப் பயம் வேண்டாம். வீட்டு வரி கூடிருமோ என்பது இன்னொண்ணு. அது நியாயமான கவலை, நகராட்சியில் விசாரிச்சுட்டுத்தான் முடிவெடுக்கணும். இணைப்புச் செலவில் பாதியை நான் தர்றேன்னு குடியிருக்கிறவர் சொல்றதில் தப்பே இல்லை. தம்பி கணக்கில் வருஷம் 11,862 மிச்சம். பாதிச் செலவு சில மாசத்தில் எடுத்துரலாம், அந்த வீட்டில் ரெண்டு வருஷமாவது இருக்கப்போறீங்கன்னா.

அது நடக்கலைன்னா அடுத்தது, ரேட்டைப் பில்லோடு கட்டுறது. என் யோசனை இது: மொத்த பில்லிலிருந்து, ஓனர் தனியா இருந்தால் வந்திருக்கக்கூடிய பில்லைக் கழி. மிச்சம் குடியிருக்கிறவருடையது. தம்பி விஷயத்தில் 1,597. யூனிட் விகிதத்தில் பிரிச்சால் 1,019 வரும், ஆனால் அதில் ஓனர் தன் 280 யூனிட்டுக்கு 611-க்குப் பதில் 1,189 கட்டணும். அதை அவர் ஏத்துக்க மாட்டார், ஏத்துக்கணும்னு எனக்கும் தோணலை. குடி வந்ததால் அவருக்கு நஷ்டம் வரக்கூடாது. லாபமும் வர வேண்டாம். இதைவிட நியாயமான முறை உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்க.

எதைப் பேசினாலும் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியா எழுதுங்க. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு ஒப்பந்தமே கிடையாது, "நம்ம பயதான்"னு சாவியைக் கொடுத்துருவாங்க. 2019 பிப்ரவரி 22-லிருந்து அமலில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேணும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேணும். தகராறு வந்தால் கரண்டைத் துண்டிக்கிறது, தண்ணியை அடைக்கிறது எல்லாம் அதே சட்டப்படி செய்யக்கூடாது. வரி இப்படி இருக்கலாம்: "மின் கட்டணம் சப் மீட்டர் அளவின்படி, மின்வாரியப் பில் நகலைக் காட்டி, இன்ன முறையில் கணக்கிட்டு வசூலிக்கப்படும். பொது மோட்டார், மாடிப்படி விளக்கு இதில் சேராது." 10 ரூபாய்னு ஒத்துக்கிட்டுத்தான் குடி போறீங்கன்னா அதையும் தெரிஞ்சே போங்க, வாடகை 6,000 என்று நினைக்காமல், மாசம் கிட்டத்தட்ட 1,000 கூட்டிப் பக்கத்து வீட்டோட ஒப்பிடுங்க. தனி மீட்டர் உள்ள 6,500 ரூபாய் வீடு சில சமயம் மலிவா முடியும். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

தம்பி பத்து நாள் கழிச்சு போன் பண்ணார். பேப்பரை எடுத்துட்டுப் போய்ப் பேசியிருக்கார். அண்ணாச்சி முதல்ல முகம் கொடுக்கலையாம். அந்த 243 ரூபாய் யூனிட்டைக் காட்டினதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுட்டு ரெண்டு தடவை பார்த்தாராம். தனி இணைப்புக்கு, "தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கார். அதுவரைக்கும் யூனிட் 7 ரூபாய், பில்லை போனில் அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டார். என் கணக்குப்படி 478 யூனிட் ஆகிற மாசத்தில் நியாயமான ரேட் 5.33-தான். ஆனாலும் 198 யூனிட்டுக்கு 1,386, முன்னாடி 2,400. ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைஞ்சதுக்கு ஒரு பேப்பரும் அரை மணி நேரப் பேச்சும்தான் செலவு.

அம்மாவுக்கு வெந்நீர் நிக்கலை. அஞ்சே காலுக்கு சுவிட்ச், அஞ்சே முக்காலுக்கு ஆஃப். குழந்தைக்கு மத்தியானத்துக்குப் பெரிய ஃபிளாஸ்க் ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க. கீழ் வீட்டுலயும் அண்ணாச்சி சம்சாரம் இப்ப ஹீட்டரைப் போட்டா ஆஃப் பண்ணச் சொல்லி சத்தம் போடுறாங்களாம். அடுத்த ரீடிங் ஜனவரி முதல் வாரம். மொத்தம் 500-க்குள்ள நிக்குதான்னு பில் வந்ததும் வீடியோவில் காட்டுறேன், அண்ணாச்சி பேரை மறைச்சுட்டு.